தீக்காயம்: முதல் 20 நிமிடம் உங்கள் கையில்!

போடிநாயக்கனூரில் இருந்து மேற்கே மலையைப் பார்த்துப் போனால் குரங்கணி. அங்கிருந்து இன்னும் மேலே ஏறினால் கொழுக்குமலை. 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. கொழுக்குமலையில் இருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினர் காட்டுத் தீக்குள் சிக்கினார்கள். சென்னையில் இருந்தும், ஈரோடு, திருப்பூர் பகுதியில் இருந்தும் வந்திருந்தவர்கள். பெரும்பாலும் இளம் வயதினர், அதிலும் பெண்கள் அதிகம்.

மலைச்சரிவில் புல் காய்ந்து கிடந்த நேரம். காற்றும் சேர்ந்துகொள்ள, தீ பரவிய வேகத்துக்கு ஓட முடியவில்லை. விஷயம் தெரிந்ததும் குரங்கணி மக்களும் தோட்டத் தொழிலாளர்களும் மலையேறினார்கள். வனத்துறை, தீயணைப்புத்துறை, காவல்துறை என எல்லோரும் போனார்கள். பாதை இல்லாத சரிவில் போர்வையைத் தொட்டில்போலக் கட்டி, காயம்பட்டவர்களைத் தூக்கி வந்தார்கள். இந்திய விமானப்படை ஹெலிகாப்டர்களும் வந்தன.

மறுநாள் வெளியான உயிரிழப்பு எண்ணிக்கை 9. ஆனால் அது அதோடு நிற்கவில்லை. உயிரோடு மீட்கப்பட்டு மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டவர்களில் பலர், அடுத்தடுத்த நாட்களில் ஒவ்வொருவராக இறந்தார்கள். கடைசியில் அந்த எண்ணிக்கை 23 ஆனது.

தீயில் இருந்து வெளியே வந்துவிட்டால் பிழைத்துவிட்டதாகத்தான் எல்லோரும் நினைக்கிறோம். தீக்காயத்தைப் பொறுத்தவரை அது பாதி உண்மைதான். காட்டுத் தீ எப்போதோ ஒருமுறை வரும். கொதிக்கிற சாம்பாரும், குக்கர் ஆவியும், பைக் சைலன்சரும் தினமும் நம்மைச் சுற்றித்தான் இருக்கின்றன. எந்தச் சூடாக இருந்தாலும் உடம்புக்குள் நடப்பது ஒன்றுதான்.

தோல் போனால் என்ன ஆகும்?

தோலுக்கு மூன்று முக்கிய வேலைகள். உடம்பில் இருக்கும் நீரை வெளியே விடாமல் காப்பது, கிருமிகளை உள்ளே விடாமல் தடுப்பது, உடம்பின் வெப்பத்தைச் சீராக வைத்திருப்பது.

பெரிய அளவில் தோல் வெந்துவிட்டால், ரத்தக் குழாய்களில் இருந்து நீர்ச்சத்து கசிந்து வெளியேறத் தொடங்கும். முதல் 24 மணி நேரத்தில் இது மிக அதிகம். ஆள் பேசிக்கொண்டுதான் இருப்பார், நடக்கக்கூடச் செய்வார். உள்ளே ரத்த அழுத்தம் குறைந்துகொண்டே போகும், சிறுநீரகம் பாதிக்கப்படும். அதைத் தாண்டி வந்தாலும், அடுத்து கிருமித்தொற்று காத்திருக்கும். பெரிய தீக்காயத்தில் சில நாட்கள் கழித்தும் உயிரிழப்பு நேர்வதற்கு இவைதான் முக்கியக் காரணங்கள்.

அதனால்தான் 'நல்லாத்தானே பேசுறார், காலையில் பார்த்துக்கலாம்' என்று பெரிய காயத்தோடு வீட்டில் வைத்திருக்கக் கூடாது.

எவ்வளவு ஆழம்?

தீக்காயத்தை ஆழத்தை வைத்து மூன்றாகப் பிரிக்கலாம்.

மேலோட்டமான காயம்: தோல் சிவந்திருக்கும், தொட்டால் எரியும், கொப்புளம் இருக்காது. சித்திரை வெயிலில் நாள் முழுக்க நின்றால் கழுத்து சிவந்து எரிவதும் இந்த வகைதான். சில நாட்களில் தானே ஆறிவிடும்.

நடுத்தரக் காயம்: நீர் கோத்த கொப்புளங்கள் வரும். உடைந்தால் அடியில் ஈரமாக, இளஞ்சிவப்பாக இருக்கும். வலி உயிர் போகும். சுடுதண்ணீர், டீ, பால் கொட்டிய காயங்கள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். அதிக ஆழம் இல்லாவிட்டால் இரண்டு, மூன்று வாரங்களில் ஆறும்.

ஆழமான காயம்: தோலின் முழு அடுக்கும் வெந்துவிடும். வெள்ளையாகவோ, பழுப்பாகவோ, கருகியோ இருக்கும். தொட்டால் பதப்படுத்திய தோல்போல விறைப்பாக இருக்கும். அந்த இடத்தில் வலி அதிகம் இருக்காது. வலியை உணர்த்தும் நரம்புகளும் சேர்ந்து வெந்துவிட்டன என்பதுதான் அதற்குக் காரணம். பலரும் ஏமாந்துபோகும் இடம் இதுதான். வலிக்கவில்லை என்றால் லேசான காயம் என்று அர்த்தம் இல்லை. இதற்குப் பெரும்பாலும் வேறு இடத்தில் இருந்து தோல் எடுத்து ஒட்டும் அறுவை சிகிச்சை தேவைப்படும்.

ஒரே ஆளுக்கு ஒரே விபத்தில் மூன்று வகைக் காயமும் இருக்கலாம்.

எவ்வளவு பரப்பு?

ஆழத்துக்கு அடுத்தது பரப்பு. இதற்கு டேப் வேண்டாம், காயம்பட்டவரின் கையே போதும். விரல்களோடு சேர்ந்த அவரது உள்ளங்கை, அவர் உடம்பின் தோல் பரப்பில் ஏறக்குறைய 1 சதவீதம். குழந்தைக்குக் கணக்குப் பார்க்கும்போது குழந்தையின் கையை வைத்துத்தான் பார்க்க வேண்டும், அம்மாவின் கையை வைத்து அல்ல.

பெரிய காயம் என்றால் 9-ன் கணக்கு. பெரியவர்களுக்குத் தலையும் கழுத்தும் 9 சதவீதம், ஒவ்வொரு கையும் 9, உடம்பின் முன்பக்கம் 18, முதுகுப்பக்கம் 18, ஒவ்வொரு காலும் 18, மர்ம உறுப்புப் பகுதி 1. மொத்தம் 100. சிறு குழந்தைகளுக்குத் தலை பெரிது, கால் சிறிது. அதனால் இந்தக் கணக்கு மாறும்.

கொப்புளமோ அதைவிட ஆழமான காயமோ பெரியவர்களுக்கு 10 சதவீதத்தைத் தாண்டினாலும், குழந்தைகளுக்கு 5 சதவீதத்தைத் தாண்டினாலும் மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய காயமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து உள்ளங்கை அளவு என்பது ஒரு குழந்தையின் மார்பில் ஒரு டம்ளர் சூடான டீ கொட்டினாலே வந்துவிடும்.

சுட்டதும் செய்ய வேண்டியவை

1. சூட்டை நிறுத்துங்கள். உடையில் தீப்பிடித்தால் ஓடக் கூடாது. ஓடினால் காற்று பட்டுத் தீ பெரிதாகும். நில், தரையில் படு, உருள். முகத்தைக் கைகளால் மூடிக்கொள்ள வேண்டும். பக்கத்தில் இருப்பவர்கள் கனமான பருத்திப் போர்வை அல்லது கம்பளியால் மூடி அணைக்கலாம், தண்ணீர் ஊற்றலாம். நைலான், பாலியஸ்டர் துணியால் மூடக் கூடாது. அது உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

2. தண்ணீர், 20 நிமிடம். காயத்தின் மேல் குழாய்த் தண்ணீர் மெதுவாக ஓட வேண்டும். அடுப்பை அணைத்த பிறகும் பாத்திரம் சுடுவதுபோல, தீ விலகிய பிறகும் தோலுக்குள் இருக்கும் சூடு ஆழமாக இறங்கிக்கொண்டே இருக்கும். தண்ணீர் அந்தச் சூட்டை எடுக்கிறது. வலி குறையும், வீக்கம் குறையும், காயம் ஆழமாவதும் குறையும். உடனே செய்ய முடியாமல் போனாலும், 3 மணி நேரத்துக்குள் செய்தால் பலன் உண்டு.

வெயில் காலத்தில் ஒன்றைக் கவனியுங்கள். மதிய நேரத்தில் மொட்டைமாடி சின்டெக்ஸ் தொட்டியில் இருந்து வரும் தண்ணீரே சுடும். முதலில் கையில் விட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் குடத்துத் தண்ணீரையோ, நிழலில் இருக்கும் தொட்டித் தண்ணீரையோ மொண்டு மெதுவாக ஊற்றிக்கொண்டே இருங்கள்.

3. இறுக்கமானதைக் கழற்றுங்கள். மோதிரம், வளையல், மெட்டி, கொலுசு, வாட்ச், குழந்தையின் அரைஞாண் கயிறு எல்லாவற்றையும் வீக்கம் வரும் முன்பே கழற்றிவிட வேண்டும். வீங்கிய பிறகு மோதிரமே விரலுக்கு ரத்தம் போகவிடாமல் இறுக்கிவிடும். சூடான திரவம் பட்ட துணியையும் எடுத்துவிடுங்கள். தோலோடு ஒட்டியிருந்தால் மட்டும் இழுக்காமல், சுற்றிலும் கத்தரித்துவிட்டு அப்படியே விடுங்கள்.

4. மூடுங்கள். சுத்தமான பருத்தித் துணி போதும். துவைத்து வைத்த வேட்டி அல்லது பழைய பருத்திச் சேலையைத் தளர்வாகப் போர்த்தலாம். பஞ்சு வைக்கக் கூடாது, அது காயத்தில் ஒட்டிக்கொள்ளும்.

5. உடம்பைக் குளிர விடாதீர்கள். காயத்தைத்தான் குளிர்விக்க வேண்டும், ஆளை அல்ல. காயம் பெரிதாக இருந்தாலோ, குழந்தையாகவோ வயதானவராகவோ இருந்தாலோ, மற்ற பகுதிகளைப் போர்வையால் மூடுங்கள். நடுக்கம் வந்தால் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிடுங்கள்.

6. 108-ஐ அழையுங்கள். ஒருவர் தண்ணீர் ஊற்றும்போதே இன்னொருவர் போன் செய்யலாம். மயக்கத்தில் இருப்பவர் வாயில் தண்ணீரோ, வேறு எதுவுமோ ஊற்றக் கூடாது.

செய்யவே கூடாதவை

இட்லி மாவு, பேனா மை, டூத் பேஸ்ட், முட்டை வெள்ளைக்கரு, மஞ்சள், எண்ணெய், நெய், டீத்தூள்... ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வைத்தியம் உண்டு. மாவு குளிர்ச்சியாக இருப்பதால் அந்த நேரத்துக்கு இதமாகத்தான் தெரியும். ஆனால் நெய்யும் எண்ணெயும் சூட்டைத் தோலுக்குள்ளேயே பூட்டிவைக்கும். மாவும் முட்டையும் கிருமிகளுக்கு நல்ல சாப்பாடு. மையும் மஞ்சளும் காயத்தின் நிறத்தை மறைத்துவிடுவதால் டாக்டரால் ஆழத்தைக் கணிக்க முடியாது. பிறகு அதையெல்லாம் சுரண்டிக் கழுவித்தான் சிகிச்சையைத் தொடங்க வேண்டும். அந்த வலி, சுட்ட வலியைவிடக் கொடுமை.

ஐஸ் கட்டியும் கூடாது. அதிகக் குளிர்ச்சி ரத்தக் குழாய்களைச் சுருக்கி, ஏற்கெனவே வெந்த திசுவுக்குக் கூடுதல் சேதத்தை உண்டாக்கும். கொப்புளத்தை ஊசியால் குத்தி உடைக்கக் கூடாது. அதன் மேல்தோல்தான் இயற்கை போட்ட கட்டு.

வீட்டில் பாட்டி மாவைக் குழைத்துக்கொண்டு வந்தால் சண்டை போட வேண்டாம். 'முதல்ல தண்ணி, மத்ததெல்லாம் டாக்டர்கிட்ட கேட்டுக்கலாம் பாட்டி' என்று சொல்லிவிட்டுக் குழாயைத் திறந்துவிடுங்கள்.

எதனால் சுட்டது?

தேனியிலும் கம்பம் பள்ளத்தாக்கிலும் வீட்டுக்கு வெளியே நடக்கும் வேலைகளில் தீக்காய ஆபத்து பல வகையில் ஒளிந்திருக்கிறது. காரணத்தைப் பொறுத்து முதலுதவியும் கொஞ்சம் மாறும்.

சுண்ணாம்பும் மருந்தும்: திராட்சைத் தோட்டங்களில் பூஞ்சண நோய்க்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை அடிப்பார்கள். நீர்க்காத சுண்ணாம்பு தண்ணீர் பட்டதும் கொதிக்கும். அந்தத் தூள் உடம்பில் பட்டால் முதலில் உலர்ந்த துணியால் முழுவதும் தட்டிவிட வேண்டும். அதன் பிறகே தாராளமாகத் தண்ணீர் விட வேண்டும். மற்றபடி ஆசிட், கழிப்பறை கழுவும் திரவம் போன்றவை பட்டால் உடனே ஓடும் தண்ணீர்தான், குறைந்தது 20 நிமிடம். நனைந்த சட்டையைக் கழற்றிவிடுங்கள். ஆசிடுக்கு மாற்றாக வேறு எதையாவது ஊற்றி முறிக்க முயலக் கூடாது. கண்ணில் தெறித்தால், அந்தக் கண் கீழ்ப்பக்கம் இருக்கும்படி தலையைச் சாய்த்து, இமையைத் திறந்து பிடித்துக் கழுவிக்கொண்டே இருங்கள். கழுவியதும் கண் டாக்டரிடம் போய்விட வேண்டும்.

மின்சாரம்: தோட்டத்து மோட்டார் ரூம், ஈரக் கை, தேய்ந்த வயர். ஷாக் அடித்தவரை உடனே தொடக் கூடாது. முதலில் மெயின் சுவிட்சை அணையுங்கள். முடியாவிட்டால் உலர்ந்த இடத்தில் நின்று, உலர்ந்த மரக்கட்டையால் வயரை விலக்குங்கள். இது வீட்டு மின்சாரத்துக்கு மட்டும்தான். அறுந்து விழுந்த உயர் அழுத்தக் கம்பியின் பக்கத்திலேயே போகக் கூடாது, மின்வாரியம் மின்சாரத்தை நிறுத்தும் வரை காத்திருக்க வேண்டும். மூச்சு இல்லை என்றால் உடனே நெஞ்சை அழுத்தும் சிபிஆர் தொடங்க வேண்டும். மின்சாரம் உள்ளே போன இடத்திலும் வெளியேறிய இடத்திலும் சின்னக் கருப்புப் புள்ளிதான் தெரியும். நடுவில் தசையும் இதயமும் பாதிக்கப்பட்டிருக்கலாம். ஆள் எழுந்து உட்கார்ந்தாலும் இ.சி.ஜி. எடுத்தே ஆக வேண்டும்.

ஆவி: ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு மலையேறும் ஜீப்புகளுக்குக் குமுளி, போடிமெட்டு ஏற்றத்தில் இன்ஜின் சூடாவது சகஜம். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீரும் ஆவியும் நேராக முகத்தில் அடிக்கும். இன்ஜினை அணைத்து, நன்றாக ஆறிய பிறகே மூடியில் கை வைக்க வேண்டும். வீட்டில் குக்கருக்கும் இதே விதிதான். பிரஷர் முழுவதும் இறங்கட்டும்.

திருவிழாத் தீ: சித்திரைத் திருவிழாவில் வீரபாண்டி கௌமாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டு ஆயிரக்கணக்கானவர்கள் தீச்சட்டி எடுக்கிறார்கள். கூட்டத்தில் தீச்சட்டிக்குப் பக்கத்தில் நடப்பவர்களும், இடுப்பில் இருக்கும் குழந்தைகளும் எளிதில் சுட்டுக்கொள்ளலாம். பருத்தி உடை, முடிந்த கூந்தல், செருகிய முந்தானை, கூடவே ஒரு குடம் தண்ணீர் கொண்டுவரும் ஒருவர். இவ்வளவும் இருந்தால் நேர்த்திக்கடன் நிம்மதியாக முடியும்.

வீட்டில்: தீக்காயத்தோடு வரும் சின்னக் குழந்தைகளில் பலருக்கும் காரணம் கொதிக்கும் தண்ணீரும் குழம்பும்தான். தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் சூடான பாத்திரத்தைத் தரையில் இறக்கி வைக்க வேண்டாம். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு டீ குடிக்க வேண்டாம். குளிக்க விளாவும்போது பக்கெட்டில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு சுடுதண்ணீர். கேஸ் வாடை வந்தால் சுவிட்ச் எதையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, கதவு, ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்து 1906 எண்ணை அழையுங்கள்.

உடனே மருத்துவமனை போக வேண்டியவை

காயம் சிறிதாக இருந்தாலும் சில இடங்களில் பட்டால் தாமதிக்கக் கூடாது. முகம், கண், கை, பாதம், மூட்டு, மர்ம உறுப்பு ஆகியவை அப்படிப்பட்டவை. கையையோ காலையோ வளையம்போலச் சுற்றி வெந்திருந்தாலும், மின்சாரம் அல்லது ரசாயனத்தால் வந்த காயம் என்றாலும், சர்க்கரை நோயாளிகள், கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், முதியவர்கள் என்றாலும் அப்படியே.

மூடிய அறையிலோ புகைக்குள்ளோ சிக்கியவரின் குரல் கரகரப்பாக மாறியிருந்தாலோ, மூக்கு முடி கருகியிருந்தாலோ, சளியில் கரி தெரிந்தாலோ மூச்சுக்குழாய் உள்ளே வெந்திருக்கலாம். வெளியே ஒரு கொப்புளம்கூட இல்லாவிட்டாலும் இது உயிர் போகும் அவசரம். சில மணி நேரத்தில் தொண்டை வீங்கி மூச்சு அடைத்துவிடும்.

கடைசியாக எப்போது டி.டி. ஊசி போட்டோம் என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

கம்பத்தில் இருந்து தேனிக்குச் சுமார் 40 கிலோமீட்டர். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அதையும் தாண்டி க.விலக்கில் இருக்கிறது. மலைத்தோட்டத்தில் இருப்பவர்களுக்கு இறங்குவதற்கே தனியாக நேரம் ஆகும். அதனால் அந்த முதல் 20 நிமிடத் தண்ணீரைச் சம்பவம் நடந்த இடத்திலேயே ஊற்றிவிட வேண்டும். மூச்சுத்திணறல் இருந்தால் மட்டும் அதற்காகக் காத்திருக்காமல் உடனே கிளம்புங்கள். பக்கத்து ஊர் அரசு மருத்துவமனையிலேயே குளுக்கோஸ் ஏற்றத் தொடங்கிவிட்டுப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். நேராகப் பெரிய ஊருக்குத்தான் போவோம் என்று வழியில் நேரத்தைத் தொலைக்க வேண்டாம்.

போலீஸ் கேஸ் பயம்

பெண்களின் தீக்காயத்தில் தாமதம் ஆவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 'ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ் வரும், ஊர் என்ன பேசும்?' என்ற பயம். தீக்காயத்தை மருத்துவமனை காவல்துறைக்குத் தெரிவிப்பது வழக்கமான நடைமுறை. அதற்காகச் சிகிச்சை நிற்காது. உயிருக்குப் போராடுபவருக்கு முதலில் சிகிச்சை, சட்ட நடைமுறைகள் பிறகுதான் என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே பரமானந்த் கட்டாரா வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. என்ன நடந்தது என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மண்ணெண்ணெயா, கேஸா, எவ்வளவு நேரம் தீயில் இருந்தார் என்ற தகவலை வைத்துத்தான் சிகிச்சை முடிவாகும்.

மலைக்குப் போகிறவர்களுக்கு

குரங்கணி விபத்துக்குப் பிறகு தமிழக அரசு 2018-லேயே மலையேற்றத்துக்கு விதிமுறைகளைக் கொண்டுவந்தது. வனத்துறை அனுமதி இல்லாமல், வறண்ட மாதங்களில், தெரியாத பாதையில் போகவே கூடாது.

தீ எப்போதும் மேல்நோக்கி வேகமாகப் போகும். சுடர் மேலே சாய்ந்து, மேலே இருக்கும் புல்லை முன்கூட்டியே காயவைத்துவிடும். கீழே தீ தெரிந்தால் உச்சியை நோக்கி ஓடாதீர்கள். பக்கவாட்டில் விலகி, புல் இல்லாத பாறை, ஓடை, ஏற்கெனவே எரிந்து ஆறிய இடம் இவற்றுக்குப் போக வேண்டும். இரு சரிவுகளுக்கு நடுவே இருக்கும் குறுகிய பள்ளம் புகைபோக்கிபோல வேலை செய்யும், அதற்குள் இறங்கக் கூடாது. பருத்தி முழுக்கைச் சட்டை, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், ஒரு சுத்தமான வேட்டி பையில் இருக்கட்டும். இதில் தண்ணீரும் வேட்டியும் முதலுதவிப் பொருட்களும்கூட.

இந்தப் பக்கத்தைப் படித்து முடித்ததும் வீட்டில் இருக்கும் எல்லோரிடமும், பிள்ளைகள் உட்பட, ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். 'கையில் சுட்டால் முதலில் என்ன செய்வாய்?' 'தண்ணீர், இருபது நிமிடம்' என்று பதில் வரும் வரை விடாதீர்கள்.

(அடுத்த வாரம்: பாம்புக்கடி - கட்டுப் போடலாமா, கூடாதா?)